ஒட்டிய காதும் தொங்கும் காதும்

போன தை மாதம் நம்மில் ஒருத்தியின் பேரனுக்குக் காது குத்தினார்கள். பத்தாவது ‘ஈ’ பிரிவில் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து படித்த நாம் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடியிருந்தோம். தாய்மாமன் மடியில் குழந்தை வீரிட்டு அழ, நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று, “காது அப்படியே தாத்தா காதுடி” என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பந்தியில் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். “உன் பக்கத்துலயே குந்தினு இருக்குமே, கல்லு ஒடைக்கிறவரு பொண்ணு, அது இன்னா ஆச்சுடி? பரீட்சைகூட எழுதலியே.”

“தெரியலையே” என்றேன். பொய். எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடியது இல்லை என்பதால் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு என்னுடையது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கீழ்க்கட்டளை அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் குவாரியில் வேட்டு வைப்பதற்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு விசில் ஊதுவான். விசில் கேட்டதும் வாத்தியார்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தரை ஒருமுறை அதிரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து மாவு போல ஏதோ நோட்டில் உதிரும். அதை ஊதிவிட்டு எழுதுவோம். நம் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் அந்த வேட்டு வைக்கும் இடத்தில்தான் இருந்தார்கள். வேட்டுச் சத்தம் அடங்கியதும், யாரும் ஓடி வருகிறார்களா என்று ஒரு நிமிடம் வாசலைப் பார்ப்போம். யாரும் வராவிட்டால் பாடம் தொடரும்.

என் தோழியின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே குவாரிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர்கள் வீடு. அவளுக்கு மூன்று அண்ணன்கள். இவள் நாலாவது, கடைசி. அப்பா செல்லம். சைக்கிள் பாரில் ஒரு பழைய துண்டைச் சுற்றி வைத்திருப்பார், மகளுக்கு அழுத்தக்கூடாது என்று. பதினைந்து வயதுப் பெண்ணை பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட ஒரே அப்பா அவர்தான். அவள் காதில் கம்மல் கிடையாது. ஓட்டை தூர்ந்து போகாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருப்பாள். நம்மில் பலரும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் அவள் காது மடல் கொஞ்சம் பெரியது, நன்றாகத் தொங்கும், அதனால் அந்தக் குச்சி பளிச்சென்று தெரியும்.

அறிவியல் புத்தகத்தில் மரபியல் கடைசிப் பாடம். நம் அறிவியல் சார் வருடா வருடம், “இது சாய்ஸ்ல போயிடும், விட்டுடுங்க” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவாராம். அந்த வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது பயிற்சி டீச்சர் ஒருத்தி வந்திருந்தாள். பி.எட். படிக்கும் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். தினமும் மின்சார ரயிலில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, சுருட்டிய சார்ட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செம்மண் ரோட்டில் நடந்து வருவாள். நாலைந்து வாரம் நமக்குப் பாடம் எடுக்க வேண்டும், அதற்கு மார்க். யாரும் எடுக்காத பாடமாகப் பார்த்து அவளிடம் தள்ளிவிட்டார்கள்.

நல்ல பெண் அவள். நம்மை வாடா போடா என்று சொல்லாத முதல் ஆசிரியை. அதை மறக்காமல் எழுத வேண்டும்.

முதல் நாள் பலகையில் ‘மரபு’ என்று எழுதினாள். “மரபுன்னா என்ன?”

“பழக்க வழக்கம் டீச்சர்” என்று தமிழ்ப் பாடத்தில் படித்ததைச் சொன்னோம்.

“இங்க அது இல்லை. அப்பா அம்மாகிட்டேர்ந்து பிள்ளைங்களுக்கு வர்றது.”

கடைசி வரிசையில் இருந்தவன் எழுந்தான். அவன் அப்பாவுக்கு ஒரு கால் குவாரியில் போயிருந்தது. “அப்போ கல்லு ஒடைக்கிறதும் மரபா டீச்சர்? எங்க தாத்தா, எங்கப்பா, எங்கண்ணன் எல்லாம் அதான்.”

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, “உடம்புல வர்றதுதான் மரபு. வேலை வராது” என்றாள்.

“அப்போ கால்? எங்கப்பாக்கு கால் இல்ல. எனக்குப் பொறக்கிற புள்ளைக்கு?”

“அது விபத்துப்பா. அதெல்லாம் வராது, உட்காரு.”

அவன் உட்கார்ந்தான். அவன் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

பட்டாணிச் செடி பற்றிச் சொன்னாள். நாம் பட்டாணிச் செடியைப் பார்த்ததில்லை. பட்டாணி என்றால் பள்ளிக்கூட வாசலில் காகிதப் பொட்டலத்தில் கிடைப்பது. நானும் தோழியும் அந்த வறுத்த பட்டாணியை ஒரு டால்டா டப்பாவில் மண் போட்டு விதைத்து, கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினோம். எட்டு நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது ஊறி நாற்றமடித்தது. வறுத்தது முளைக்காது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நெட்டைச் செடியும் குட்டைச் செடியும் சேர்ந்தால் எல்லாம் நெட்டையாக வரும். நெட்டை ஓங்கு பண்பு, குட்டை ஒடுங்கு பண்பு. அந்த இரண்டு வார்த்தைகளையும் நாம் எப்படிப் பிடித்துக்கொண்டோம், ஞாபகமிருக்கிறதா? குவாரி முதலாளி ஜீப் போனால், “டேய், ஓங்கு போவுதுடா” என்போம். அடி வாங்கிவிட்டு வருகிறவன் ஒடுங்கு. ஓங்கு என்றால் பெரிய மனிதர்கள், ஒடுங்கு என்றால் நம்மைப் போன்றவர்கள் என்று அந்தப் பாடத்தை நாம் புரிந்துகொண்டோம். டீச்சர் அதைத் திருத்தவில்லை. அவளுக்கு அது தெரியாது, அவள் இல்லாதபோதுதான் அப்படிப் பேசுவோம்.

அப்புறம் மூன்றுக்கு ஒன்று. அடுத்த தலைமுறையில் மூன்று நெட்டை, ஒரு குட்டை. பலகையில் நாலு கட்டம் போட்டுக் காட்டினாள். நாமெல்லாம் விரல் விட்டுக் கூடப் பிறந்தவர்களை எண்ண ஆரம்பித்தோம். நாலு பிள்ளை பிறந்தால் முதல் மூன்றும் ஒரு மாதிரி, நாலாவது வேறு மாதிரி என்பதுதான் நமக்குப் புரிந்தது. நாலாவதாகப் பிறந்த ஒருத்தி மத்தியானம் சாப்பிடாமல் அழுதாள். என் தோழி அழவில்லை.

“நானும் நாலாவதுதான். கரீட்டுடி” என்றாள். “அண்ணனுங்கல்லாம் ஒரு மாரி, நான் மட்டும் வேற மாரி. எங்கம்மாவே சொல்லும்.” அவளுக்கு அதில் சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் வீட்டுப்பாடம். எல்லோரும் வீட்டில் உள்ளவர்களின் நாக்கையும் காதையும் பார்த்து வரவேண்டும். நாக்கைக் குழல் மாதிரி சுருட்ட வருகிறதா? காது மடல் தொங்குகிறதா, கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா? தொங்குவது ஓங்கு, ஒட்டியிருப்பது ஒடுங்கு. இரண்டு நாள் வகுப்பு முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தோம். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நாலு பேரை முட்டி போட வைத்தார்.

எனக்குப் படம் நன்றாக வரும். தோழியின் குடும்பப் படத்தை நானே வரைந்து தருவதாகச் சொன்னேன். ஒரு சாயங்காலம் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். குளித்தாலும் இமை மயிரில் கல் தூள் வெள்ளையாக இருக்கும், அது போகவே போகாது. தலையை எண்ணெய் தொட்டு வாரிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“போட்டா புடிக்கிறா மாரி கீதே. சிரிக்கணுமா மா?”

“வோணாம் மாமா. காதைக் காட்டுங்க போதும்.”

“காதா? மொகத்த வுட்டுட்டு காதா?” என்று சிரித்தார். ஒட்டிய காது. அவள் அம்மாவுக்கும் ஒட்டிய காது. மூன்று அண்ணன்களுக்கும் அப்படியே. ஐந்து பேருடையதையும் வரைந்து முடித்துக் கடைசியில் தோழியை வரைந்தேன். தொங்கும் காது. வேப்பங்குச்சியையும் போட்டேன். அவள் அம்மா எட்டிப் பார்த்து, “குச்சியக்கூட வுடல பாரேன்” என்று எனக்கு வெல்லம் போட்ட காப்பித் தண்ணி கொடுத்தாள்.

டீச்சரிடம் கொண்டு போனபோது அவள் முதலில் படத்தைப் பாராட்டினாள். பிறகு பென்சிலால் ஒவ்வொரு காதாகத் தொட்டுக்கொண்டே வந்தவள் கடைசிக் காதில் நிறுத்தினாள்.

“இது வராதே.”

“நான் நாலாவது டீச்சர்” என்றாள் தோழி.

“அது வேற. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒட்டியிருந்தா பிள்ளைங்க எல்லாருக்கும் ஒட்டித்தான் இருக்கும். சரியா பார்த்துட்டு வாங்க.”

வெளியே வந்ததும் தோழி, “நாலாவதுன்னா வேற மாரிதான வரணும்?” என்று என்னைக் கேட்டாள். நான் புத்தகத்தைத் திறந்து அவளுக்கு விளக்கினேன். எனக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது. ஒடுங்கும் ஒடுங்கும் சேர்ந்தால் ஓங்கு வராது, நாலாவது என்றாலும் வராது என்று கட்டம் போட்டுக் காட்டினேன். அவள் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் அவளுக்கு நல்லதாக இருந்தது. அதை நான்தான் திருத்தினேன்.

மறுபடி போய்ப் பார்த்தோம். காதுகள் மாறவில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து டீச்சர் பாடம் எடுப்பதைப் பார்த்து மார்க் போடுவார். அதற்குள் நம் படங்களைச் சுவரில் ஒட்ட வேண்டும். வியாழக்கிழமை டீச்சர் பதற்றமாக இருந்தாள். “இது ஒண்ணு மட்டும் தப்பா நிக்குதே” என்றாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை.

தோழிதான் சொன்னாள். “என் காத அழிச்சிட்டு ஒட்டினா மாரி போட்டுடு.”

அழித்தேன். தாளில் கொஞ்சம் கறுப்பு ஈஷிக்கொண்டது. அதன் மேலேயே ஒட்டிய காதாக வரைந்தேன். டீச்சர் பார்த்தாள். பசை தடவி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பேராசிரியர் சந்தனக் கலர் சபாரி போட்டிருந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர். டீச்சர் நன்றாகத்தான் எடுத்தாள். முடிவில் பேராசிரியர், “யாருக்காவது சந்தேகம்?” என்று கேட்டார். நம் தெருப் பையன் ஒருவன் எழுந்தான். அவனைக் குறை சொல்லி என்ன பயன், அவனும் பாடத்தைக் கவனித்திருந்தான்.

“சார், அந்தப் படத்துல காது ஒட்டிகினு கீது சார். அதுக்கு தொங்குது சார்.”

பேராசிரியர் தோழியை முன்னால் கூப்பிட்டார். அவள் போய் நின்றாள். அவர் படத்தைப் பார்த்தார், அழித்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார், அவள் காதைப் பார்த்தார். “அப்போ ஏதோ கணக்கு உதைக்குதே. வீட்ல கேட்டியாம்மா?” என்றார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நமக்கு இங்கிலீஷ் புரியாது. சிரிப்பு புரிந்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சாக்பீஸைப் பொறுக்கினாள். அன்றோடு அவளுக்குப் பயிற்சி முடிந்தது. மறுபடி அவளை நாம் பார்க்கவில்லை. படங்களையெல்லாம் சுவரிலிருந்து பிய்த்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்கு எடுத்துப் போனாள். அந்த ஒரு படத்தை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டே நாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தோழியின் சித்தப்பா, அவள் அப்பாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு வந்து தெருக் குழாயடியில் நின்று கத்தினார். “புக்கே சொல்லுதுடா! கவர்மெண்டு புக்கு! எங்கண்ணன் கேணையன்!” அவருக்கும் அண்ணிக்கும் ஏற்கெனவே ஆகாது. குடத்தோடு நின்ற பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் அம்மாவும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வேலைக்குப் போய்விட்டுப் பாதியில் வந்திருந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை. கையில் சாப்பாட்டுத் தூக்கு. தலைமையாசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“சார், காது எதோ சொல்றாங்களாம். புக்ல போட்டுக்கீதாமே. நமக்குப் படிக்கத் தெரியாது. அதான் கேட்டுக்கினு போலாம்னு.”

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியார். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. அறிவியல் சார் அன்று லீவு. டீச்சர் போய்விட்டாள். “புத்தகத்துல இருக்கறதைத்தாம்பா சொல்லிக் கொடுத்தாங்க” என்றவர், ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். “இந்தப் பொண்ணுதான் படம் போட்டது. நல்லாப் படிக்கிற பொண்ணு. சொல்லும்மா, என்ன பாடம்?”

நான் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். “ஒட்டிய காது மடல் ஒடுங்கு பண்பாகும். பெற்றோர் இருவரும் ஒடுங்கு பண்பைக் கொண்டிருப்பின் சந்ததிகள் அனைத்தும் ஒடுங்கு பண்பையே பெறும்.”

அவர் என்னைப் பார்த்தார். “அப்டின்னா இன்னா மா?”

“ரெண்டு பேருக்கும் ஒட்டிகினு இருந்தா, புள்ளைக்கும் ஒட்டிகினுதான் இருக்கும் மாமா.”

“வேற மாரி வராதா?”

“வராது.”

அவர் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டார். தோளில் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. “சரி மா” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். தலைமையாசிரியர், “ஒரு வார்த்தை பிசகாம சொன்னே” என்றார். வகுப்புக்குத் திரும்பும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

தோழியின் அப்பா மனைவியை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தோழி நடந்து வந்தாள். சைக்கிள் பாரில் துண்டு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டு போய் நெடுநேரம் பார்த்தாள்.

“இத்த எதுக்குமா அழிச்ச? மொதல்ல போட்டது நல்லா இருந்துச்சே” என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். என் அம்மா உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை. அந்தப் படம் அப்புறம் எங்கே போனதென்று தெரியாது. அடுப்பெரிக்க எடுத்திருப்பார்கள்.

மறுநாள் தோழி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவளையும் அழைத்துக்கொண்டு அவள் அம்மா குன்றத்தூரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. ஹால் டிக்கெட் கொடுத்த நாளில் அவளுடையது மேஜை மேல் கிடந்தது. போட்டோவில் அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள், ஒரு காது மட்டும் தெரிந்தது. “யாராவது அவங்க வீட்டுப் பக்கம் இருக்கீங்களா?” என்று சார் கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை. மரபியல் பாடத்திலிருந்து ஐந்து மார்க் கேள்வி வந்தது. கட்டம் போட்டு, பென்சிலால் நிழல் கொடுத்து எழுதினேன்.

ஆடி மாதம் அவள் அப்பா குன்றத்தூருக்குப் போய் இருவரையும் அழைத்து வந்தார். கிருத்திகைக்கு மலையேறிய கூட்டத்தோடு போனவர், சாமி கும்பிட்டுவிட்டு நேராக அந்த வீட்டு வாசலில் போய் நின்றாராம். “வூட்டுக்கு வா” என்று மட்டும் சொன்னாராம். இதெல்லாம் என் அம்மா சொல்லிக் கேட்டது. நான் அப்போது பதினோராம் வகுப்பில் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். தோழி தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனாள். காலையில் பஸ் ஸ்டாப்பில் பார்ப்போம். ஏதாவது பேசுவோம். காது பற்றிப் பேசியதில்லை. தலைமுடியைக் காதுக்கு மேலே இழுத்துப் பின்ன ஆரம்பித்திருந்தாள். கல்யாணம் ஆகி முடிச்சூர் போனபின் பார்ப்பது நின்றுபோனது.

நான் லேப் டெக்னீஷியன் படித்து, ஒரு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது எங்கள் டாக்டரம்மாவிடம் என் மகளின் காதைப் பற்றிச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இப்படி, அதனால் அவளுக்கு இப்படி என்று ஓங்கு, ஒடுங்கு கணக்குச் சொன்னேன்.

டாக்டரம்மா மோர்சாதத்தைக் கலந்துகொண்டே, “அதெல்லாம் ஸ்கூல் புக்ல எழுதறது. காது அப்படி ஒரே கணக்குல வராது. ஒட்டினது, தொங்கறதுன்னு ரெண்டே வகைகூடக் கிடையாது. ஒட்டின காது உள்ள அப்பா அம்மாவுக்குத் தொங்கற காதோட பிள்ளை பிறக்கும், சாதாரணம்” என்றார்.

“பிறக்குமா மேடம்?”

“ஏன் பிறக்காம?” என்றுவிட்டு ஊறுகாய் கேட்டார்.

அன்று தாம்பரம் ரயிலில் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டு வந்தேன். எல்லோர் காதையும் பார்த்தேன். பாதி ஒட்டியது, கால்வாசி ஒட்டியது, ஒரு பக்கம் ஒட்டி ஒரு பக்கம் ஒட்டாதது, கம்மல் பாரத்தில் இழுபட்டது. இவ்வளவு வருடம் இந்த ரயிலில் வந்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இறங்கி, கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முடிச்சூர் பக்கத்தில்தான் இருந்தது. போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த மாதம் என்று நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளே வந்தாள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் காதுதான் தெரிந்தது. தோடு போட்டிருந்தாள். அவள் அப்பா மேலே வார்டில் இருந்தார். கல் தூள் நுரையீரலில் படிந்து மூச்சு விடமுடியாமல் வந்தவர். உடம்பில் ரத்தமும் இல்லை, இரண்டு பாட்டிலாவது ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன்கள் மூவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்துபோய்விட்டாள் என்று சொன்னாள். எனக்கு அது தெரியாது.

நானே அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் சொட்டு வைத்து, ஒன்றில் நீல மருந்தும் ஒன்றில் மஞ்சள் மருந்தும் விட்டேன். மஞ்சள் விட்ட இடத்தில் ரத்தம் பால் திரிகிற மாதிரி திரிந்தது. பி குரூப். அவள் அப்பாவுடையதும் அதுதான்.

“ஒத்துப்போவுதா?” என்றாள்.

“ஒத்துப்போகுது.”

“அப்போ?”

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. “இது ஒண்ணையும் சொல்லாதுடி. எனக்கும் இதே குரூப்புதான்” என்றேன். பிறகு, “அந்தக் காதுப் பாடம் தப்பு. அப்படியெல்லாம் கணக்கே இல்லையாம். ரெண்டு பேருக்கும் ஒட்டியிருந்தாலும் உன்ன மாதிரி பிறக்கும்” என்று சொன்னேன். எப்போது எனக்குத் தெரியவந்தது என்பதைச் சொல்லவில்லை.

அவள் பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். “டீச்சருக்குத் தெரியாதா?”

“யாருக்கும் தெரியல. புக்லயே அப்படித்தான் இருந்துச்சு.”

“அப்போ நீ புக்ல இருந்தத கரீட்டாத்தான் சொல்லிக்கீற” என்றாள். குத்திக்காட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்காக ஒரு கணக்கைச் சரிபார்த்துச் சொல்வது போலிருந்தது.

“மேல போய் உங்க நைனாகிட்ட சொல்லட்டுமா?” என்றேன்.

“வோணாம்.” உடனே சொன்னாள். “அவரு அத்த மறந்துட்டாரு. நீ போய்ச் சொன்னா ஞாபகம் வந்துரும்.” பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு, “எனக்குக் காதெல்லாம் ஒண்ணும் இல்லடி. நைனா குன்றத்தூர் வர்றதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. அம்மா தெனிக்கும் வாசலப் பாத்துகினு இருக்கும். அஞ்சு மாசம் யோசிச்சாரு இல்ல, அதான்” என்றாள்.

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பையில் ரத்தம் நிறைந்து வந்தது. சோதனையெல்லாம் முடிந்து மறுநாள் மத்தியானம்தான் பை தயாரானது. வார்டு ஆயாவிடம் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். அன்று நானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

பாதியாகியிருந்தார். மூக்கில் குழாய். புருவம் நரைத்திருந்தது. அது நரையா, தூளா என்று ஒரு கணம் பார்த்தேன். தோழி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் பை மாட்டும் கம்பியைச் சரிசெய்யும்வரை நான் பையை வைத்துக்கொண்டு நின்றேன்.

“இது யாருது மா?” என்றார்.

“உங்க பொண்ணுது.”

“எம் பொண்ணுதா?”

“ஆமா. உங்க பொண்ணுதுதான்.”

மெதுவாகக் கையைத் தூக்கிப் பையைத் தொட்டார். “ஜில்லுனு கீதே” என்றார்.

“பெட்டில வச்சிருந்தோம் மாமா. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்றேன். மாமா என்றதை அவர் கவனிக்கவில்லை. நர்ஸ் பையை வாங்கி மாட்டினாள். முதல் சொட்டு இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கீழே வேலை இருந்ததால் போனேன்.